மழைக்கு விட்ட சுவர்கள்

பொறியியல் கட்டடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் நூலகத்துக்குப் போகும் பாதைக்கும் நடுவில் ஆறு சுவர்கள் நின்றன. எதையும் தாங்காத சுவர்கள். கூரை இல்லை, கதவு இல்லை, ஒன்றோடு ஒன்று சேரவும் இல்லை. இடுப்பளவு உயரம். பாதையில் போகிற மாணவர்கள் அவற்றின் மேல் பையை வைத்துவிட்டுச் செருப்பு வாரை மாட்டிக்கொள்வார்கள். அவற்றைக் கட்டிய ஆய்வு மாணவி பசெமேரா, ஆய்வுக்கூடத்து ஜன்னலில் இருந்து கத்துவாள். பிறகு சுற்றி ஒரு கயிறு கட்டினாள்.

மழை வந்தால் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள். அவள் வெளியே ஓடுவாள். குடையைப் பிடித்துக்கொண்டு சுவர்களுக்கு எதிரில் நின்று, தண்ணீர் எங்கே அடிக்கிறது, எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். மலையடி ஊரான ஃபோர்ட் போர்ட்டலில் மழைக்குப் பஞ்சமில்லை. அதனால் பெரும்பாலும் அவள் அங்கேதான் நின்றாள்.

நான் துறை அலுவலகத்தில் தட்டச்சையும் சாவிகளையும் பார்த்துக்கொள்கிறவள். சொந்த ஊர் கிழக்கே, சொரோட்டி. கட்டிக்கொடுத்து இங்கே வந்தேன். என் மேசைக்குப் பின்னால் உள்ள ஜன்னலில் அந்த ஆறு சுவர்களும் தெரியும். அவளும் தெரிவாள்.

மற்ற முதுகலை மாணவர்களுக்கு வகுப்பு இருந்தது, பரீட்சை இருந்தது, ஒன்றாகப் போய்ச் சாப்பிடக் கூட்டாளிகள் இருந்தார்கள். இரண்டு வருடத்தில் பட்டமளிப்புப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பசெமேராவுடையது ஆய்வுப் பட்டம். அதற்கு மணி அடிக்காது. பக்கத்து நாற்காலி என்று ஒன்று கிடையாது. கேள்வியையும் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவள் கேள்வி சின்னது. இங்கே பழைய எரிமலைக் குழிகளைச் சுற்றிக் கிடக்கிற சாம்பல் மண்ணோடு சுண்ணாம்பைச் சேர்த்துக் கல் அறுத்தால், சிமெண்டு இல்லாமல் அது மழைக்குத் தாங்குமா? தாங்கினால் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியர்களுக்கு அந்தக் கல்லில் வீடு கட்டுவதாக இருந்தார்கள். ஆறு சுவரும் ஆறு கலவை. ஒன்று வெறும் மண். ஒன்றில் சிமெண்டு. மற்ற நான்கில் சாம்பலும் சுண்ணாம்பும் கூடவும் குறையவும். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். ஒவ்வொன்றும் முடிந்ததும் சுவர் எவ்வளவு கரைந்தது என்று அளப்பாள்.

அளக்கிற கருவியைக் கடையில் வாங்க முடியாது என்று தெரிந்ததும் தானே செய்தாள். ஒரு மரச்சட்டம். அதில் சீப்புப் பல் மாதிரி கம்பிகள். சட்டத்தைச் சுவரில் பொருத்திக் கம்பிகளைத் தள்ளினால் ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியும். அதற்காகத் தச்சுவேலை கற்றுக்கொண்டாள். பற்றவைக்கக் கற்றுக்கொண்டாள். பலம் பார்க்கக் கல்லை நசுக்கும் இயந்திரம் நின்றுபோனபோது கம்பாலாவில் இருக்கும் மெக்கானிக்கைத் தொலைபேசியில் பிடித்து, அவன் சொல்லச் சொல்லத் திருகாணியைக் கழற்றினாள். அவன் இடையில் தன் சம்சாரத்தைப் பற்றி அழுதான். அதையும் கேட்டுக்கொண்டே கழற்றினாள்.

ஒருநாள் சட்டத்தை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு வந்து அங்கிருந்த சிமெண்டுச் சுவரை அளந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

கேன்டீன் நடத்தும் கலீசா சும்மா இருக்கிற ஆள் இல்லை.

"மேடம், என் சுவரு என்ன தப்பு பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. இது மாறாது. அதான் எனக்கு வேணும். மாறாத சுவர்ல என் அளவு மாறுச்சுன்னா, மாறினது என் கை."

"என் பொண்டாட்டியும் இப்படித்தான் சொல்வா. நான் மாறல, நீதான் மாறிட்டேன்னு. அவகிட்ட கம்பி மட்டும்தான் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கம்பியைத் தள்ளினாள். தன் கை எவ்வளவு பிசகும் என்று தெரிந்த பிறகுதான் சுவர் எவ்வளவு கரைந்தது என்று சொல்லலாம் என்பது அவள் கட்சி. எனக்கு அது அப்போது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

அவள் அப்பா இந்தப் பக்கத்து டோரோக்காரர். அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஜிஞ்சாவில் அம்மாவை விட்டுவிட்டுக் கரும்பு லாரியில் போனவர் திரும்பவில்லை. பசெமேரா என்ற பெயரை மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார். இந்த ஊரில் அது போதாது. இங்கே ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது தள்ளி நிறுத்துவது மாதிரி. கூப்பிட வேறு பெயர் உண்டு. ஒரு கைப்பிடிப் பெயர்கள்தான், அவற்றில் ஒன்று எல்லோருக்கும் இருக்கும். வணக்கம் சொல்லும்போது அதைச் சொல்ல வேண்டும். அன்பும் மரியாதையும் அதிலேதான். எனக்குக்கூடக் கல்யாணத்தன்று ஒன்று கொடுத்தார்கள். அத்தேனி.

ஆனால் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஆங்கில நாகரிகம். எல்லோரும் டாக்டர், எல்லோரும் மேடம். நானும் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டேன்.

இந்த நாகரிகத்தை மதிக்காத ஒரே ஆள் ருசோக்கே. தோட்டமும் புல்லும் பாதையும் அவர் பொறுப்பு. ஐம்பதைத் தாண்டியவர். ஒப்பந்தத்தில் இருக்கிறவர். அவள் சுவர் கட்ட ஆரம்பித்த வாரம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"உன் பேரு என்ன?"

"பசெமேரா."

"அது பேரு. கூப்பிடற பேரு?"

"அது இல்ல."

"இல்லன்னா? டோரோப் பேரை வச்சுக்கிட்டு கூப்பிடற பேரு இல்லையா? வீட்ல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க, விசிலடிச்சா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி கேழ்வரகுக் களி கிண்டி, புகையில் வாட்டிய மீனைக் குழம்பாக்கியிருந்தாள். அண்டை வீட்டார் இருவர் வந்தார்கள். எந்தப் பெயர் பொருந்தும் என்று சண்டை போட்டார்கள். கைக்குழந்தைக்குச் செய்வதை முப்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்குச் செய்தார்கள். மறுநாள் காலை சாவி வாங்க வந்தபோது அவள் என்னிடம், "இன்னையிலேருந்து என் பேரு அகீகி" என்றாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவள் முகத்தில் பார்த்ததில்லை. நான் சாவியைக் கொடுத்து, "நல்லது மேடம்" என்றேன். எனக்கு அப்படிப் பழகிவிட்டது.

அதன்பிறகு தினமும் காலையில் ஜன்னல் வழியாக அந்தக் குரல் கேட்கும். "அகீகி! சாப்பிட்டியா? சுவரெல்லாம் நல்லாத் தூங்குச்சா?" அவள் பதிலுக்கு, "தூங்குச்சு, அப்பூலி" என்பாள். அப்பூலி அவருடைய பெயர். நாள் முழுக்க அவளோடு யாராவது பேசியது அது ஒன்றாகவே இருந்துவிடுவதும் உண்டு.

ஒருமுறை அவர், "இந்தச் சுவரெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார். அவள் கையில் கம்பிச் சட்டம். மழை கறுத்துக்கொண்டு வந்தது. "படிப்புக்கு, அப்பூலி" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஜிஞ்சாவிலிருந்து அம்மா பேசுவாள். பசெமேரா தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு கல்லை எடைபோடுவாள். எங்கள் அலுவலகம் வரை கேட்கும்.

"இன்னுமா அந்தச் சுவரு முடியல? ஆறு சுவரு கட்ட இவ்வளவு வருஷமா? உன் மாமா பையன் போன கிறிஸ்துமஸுக்கு ஆரம்பிச்சு மாடி வீடே கட்டிட்டான்."

"கட்டி முடிச்சாச்சும்மா. இப்போ கரையறதைப் பாக்கறேன்."

பசெமேரா தராசில் அடுத்த கல்லை வைத்தாள்.

"நீ சாப்பிடறியா இல்லையா?" என்றாள் அம்மா.

மூன்று மழைக்காலம் அளந்தாள். முதல் இரண்டு மழையில் சாம்பல் சுவர்கள் சிமெண்டுச் சுவர் மாதிரியே நின்றன. அவளுடைய பேராசிரியர் டாக்டர் கசாங்காகி மகிழ்ந்துபோய் மாவட்டத்துக்காரர்களை அழைத்து வந்து காட்டினார். மூன்றாவது மழையில் ஒருநாள் மதியம் ஆலங்கட்டி விழுந்தது. தேயிலைத் தோட்டமெல்லாம் கிழிந்து கிடந்தது. அந்தக் காலம் முடிந்து அளந்தபோது சாம்பல் சுவர்கள் நிறையக் கரைந்திருந்தன. கரைந்தது ஆலங்கட்டியாலா, அல்லது அந்தக் கல் இரண்டு மழைதான் தாங்குமா? இரண்டில் எது என்று நான்காவது மழை சொல்ல வேண்டும். அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

அதே வருடம் துறையில் ஒரு விரிவுரையாளர் இடம் காலியானது. நிரந்தர வேலை. ஜூலையில் ஆள் எடுப்பார்கள். அதற்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். "அந்த நாற்காலி உனக்குத்தான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அதை நம்பி நகரில் தண்ணீர்க் குழாய் உள்ளே வருகிற ஒரு அறையைப் போய்ப் பார்த்து வந்தாள். இங்கேயே இருந்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு எண்ணம் வந்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளை ஒரு ஊர் தானே கொடுத்த பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருந்ததே.

பட்டமளிப்பு விழா மழைக்குச் சற்று முன்பு வந்தது. அதற்கு மந்திரி வருவதாக இருந்தது. மந்திரி வந்தால் இங்கே என்ன செய்வோம் என்று எல்லோருக்கும் தெரியும். அசையாமல் நிற்கும் எதற்கும் சுண்ணாம்பு. பாதையோரக் கற்கள், மரத்தின் அடி, கொடிக்கம்பத்தின் பீடம், கழிவறைக்குப் போகும் படி. பசெமேரா அந்த வாரம் பெரிய இயந்திரத்தில் கல்லை நசுக்கிப் பார்க்கக் கம்பாலாவுக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்த காலை நான் ஜன்னலில் பார்த்தேன். பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள். ஆறு சுவரும் வெள்ளை வெளேர் என்று நின்றன.

ருசோக்கே கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அகீகி! பாத்தியா? ரெண்டு தடவை அடிச்சேன். ஆபீஸ் கணக்குல இல்ல, மிச்சமிருந்த சுண்ணாம்பு. எல்லாம் வெள்ளையா இருக்கறப்போ உன்னுது மட்டும் சேத்துக் கலர்ல நின்னா நல்லாவா இருக்கும்? மந்திரி இந்தப் பக்கமா வந்து யாருதுன்னு கேட்டா, எங்க அகீகியோடதுன்னு நானே சொல்வேன்."

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு, அப்பூலி."

"கயிறைக்கூட நீ போட்ட முடிச்சாவே போட்டேன். பாத்தியா?"

"பாத்தேன்."

உள்ளே வந்து சாவி கேட்டாள். நான் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சுண்ணாம்பு மழையைத் தடுக்கும்" என்றாள். அவ்வளவுதான். மதியம் கத்தியோடு போய் ஒரு சுவரின் பின்பக்க மூலையில் சுரண்டிப் பார்த்தாள். சுண்ணாம்போடு மண்ணும் சேர்ந்து வந்தது. அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளில் மழை பிடித்துக்கொண்டது. அவள் குடையோடு போகவில்லை. பழக்கத்தில் ஒருமுறை கதவு வரை போய்த் திரும்பினாள்.

மந்திரி அந்தப் பாதையில் வரவே இல்லை. பந்தலிலிருந்து நேராகக் காருக்குப் போய்விட்டார்.

டாக்டரின் அறைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒட்டுப்பலகைதான். அதனால் நான் கேட்டது கேட்க வேண்டும் என்று கேட்டதல்ல.

"வளாகத்தைப் பாத்துக்கற எஸ்டேட் ஆபீசுக்கு ஒரு புகார் எழுது" என்றார் டாக்டர். "அவங்க ஆள் பண்ணின தப்பு. அதைக் காட்டி உனக்கு இன்னொரு வருஷம் உதவித்தொகை வாங்கித் தரேன். அந்த இடத்தையும் தள்ளிப்போடச் சொல்றேன்."

"அவரோட தப்பு இல்ல டாக்டர். சுவரைத் தொடக்கூடாதுன்னு துணைவேந்தர் ஆபீசுக்குச் சொன்னேன். பாதுகாப்புக்குச் சொன்னேன். நூலகத்துக்குக்கூடச் சொன்னேன். புல்லு வெட்டறவருக்குச் சொல்லல."

"அவன் ஒப்பந்தத்துக்காரன். வேற வேலை கிடைக்கும்."

"எனக்கும் கிடைக்கும்."

நாற்காலி கிரீச்சிட்டது. டாக்டர் கெட்டவர் இல்லை. அவளுக்காகப் பல இடங்களில் வாதாடியவர்.

"சரி. இன்னொண்ணு பண்ணு. அந்த ஆலங்கட்டி மழைக்கால அளவை எடுத்துட்டு வரைபடத்துல கோட்டைப் போடு. நேரா வரும். கல்லு தாங்கும்னு எழுது. நாலாவது மழை வந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருக்கும்."

"சொல்லியிருக்குமா?"

"உனக்கே தெரியாதா? இவ்வளவு நாள் பாத்திருக்கே."

"தெரியாது டாக்டர். எடுக்கணும்னா ஆலங்கட்டிதான் காரணம்னு காட்டணும். அதைக் காட்டத்தானே நாலாவது மழை வேணும்."

"பசெமேரா. மாவட்டம் காத்துக்கிட்டு இருக்கு. வீடு கட்டப் போறாங்க."

"அதனாலதான் டாக்டர்" என்றாள்.

ஆய்வேட்டை எழுதி முடித்தாள். ஒரு பக்கத்தில் இரண்டு வாக்கியம். நான்காம் மழைக்கு முன் சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டுவிட்டது. வளாகத்தைப் பராமரிப்பவர்களிடம் இந்தச் சுவர்கள் எதற்கு என்று ஆய்வாளர் சொல்லியிருக்கவில்லை. டாக்டர் இரண்டாவதை அடித்தார். திருத்திய பிரதியில் அது திரும்ப இருந்தது. மறுபடி அடித்தார். பைண்டிங்குக்கு நான் கொண்டுபோன பிரதியில் அது இருந்தது. கடைசியில், இந்தக் கல் தொடர்ந்து தாங்குமா என்பதை இந்த ஆய்விலிருந்து சொல்ல இயலாது என்று முடித்திருந்தாள்.

நைரோபியிலிருந்து வந்த தேர்வாளர் அவளுக்குப் பட்டம் கொடுத்துவிட்டார். எனக்கே ஆச்சரியம். தெரியாது என்று எழுதினால் பட்டம் கிடைக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஜூலையில் நேர்காணல். நான் தேநீர் கொண்டுபோனேன், குறிப்பும் எடுத்தேன். நீள மேசை. பொறியியல் பீடத்தின் தலைவரான பீடாதிபதி, டாக்டர், மாவட்டப் பொறியாளர், இன்னும் இருவர். பீடாதிபதி வழக்கமான கேள்வியில் ஆரம்பித்தார்.

"இந்த ஆய்வுப் பட்டத்துல என்னென்ன தொழில் திறமை வளர்த்துக்கிட்டீங்க, சொல்லுங்க."

அதற்கு ஒரு பதில் உண்டு. எல்லோரும் சொல்வது. குழுவோடு வேலை செய்வது, தலைமை ஏற்பது, சிக்கலைத் தீர்ப்பது. அவளுக்கு முன்னால் வந்த கம்பாலாக்காரர் அதை ஒப்பித்துவிட்டுப் போயிருந்தார்.

அவள் சற்று யோசித்தாள்.

"ஒரு கேள்வியை மழையில வைக்கத் தெரியும்" என்றாள். "கருவி இல்லன்னா செய்யத் தெரியும். நான் செஞ்ச கருவி எவ்வளவு பொய் சொல்லும்னு கண்டுபிடிக்கத் தெரியும். அப்புறம், வேலை நடக்கற இடத்துல இருக்கற எல்லார்கிட்டயும் பேசணும்னு தெரியும். அதைக் கடைசியாத்தான் கத்துக்கிட்டேன்."

யாரோ சிரித்தார். மாவட்டப் பொறியாளர் முன்னால் சாய்ந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. கல்லு தாங்குமா, தாங்காதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

டாக்டர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது."

"இத்தனை வருஷம் மழையில நின்னுட்டுத் தெரியாதுன்னு சொல்லவா வந்தீங்க? எங்க வாட்ச்மேன்கூட இதைச் சொல்வானே!"

"உங்க வாட்ச்மேனுக்கு எவ்வளவு தெரியாதுன்னு தெரியாது. எனக்கு அது தெரியும். புதுசாக் கட்டி இன்னும் மூணு மழை பாக்கணும். அவ்வளவுதான் தெரியாது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பீடாதிபதி நன்றி சொன்னார். வேலை கம்பாலாக்காரருக்குப் போனது. நல்ல பையன்தான். என்னிடம் இன்றுவரை அன்பாக இருக்கிறான்.

அவள் ஜிஞ்சாவுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஆய்வுக்கூடம் பூட்டியே கிடந்தது. பிறகு வந்தாள். செய்முறை வகுப்புக்கு மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் வேலையை ஏற்றுக்கொண்டாள். பழைய ஆறு சுவர்களையும் தானே இடித்தாள். அதே இடத்தில், அதே திசை பார்த்து, சாம்பல் கல்லில் ஒரு புது வரிசையைக் கட்டத் தொடங்கினாள். இனி அதற்குப் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. டாக்டர் ஒருமுறை பாதையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ருசோக்கேதான் அவளுக்குக் கல் தூக்கிக் கொடுத்தார்.

"அந்த மந்திரிப் பயலுக்குக் கண்ணே இல்ல, அகீகி. பாத்திருந்தான்னா உனக்கு அந்த வேலையைக் கொடுத்திருப்பான்."

"மந்திரி கொடுக்கற வேலை இல்ல, அப்பூலி."

"மந்திரி நினைச்சா மழையை நிறுத்துவான். என்ன பேசற நீ."

புது வரிசை முதல் மழையைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அவர் வீட்டில் சாப்பிட்டாள். அங்கே அவளுக்கென்று ஒரு தட்டு இருந்ததாம். அந்த மாதங்களில் நான் அவளை ஓரளவு சந்தோஷமாகப் பார்த்தேன். ஆனால் காலையில் அவர் குரல் கேட்கும்போது பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி தாமதிப்பாள். அந்த ஒரு நொடி முன்பு இருந்ததில்லை.

அடுத்த பட்டமளிப்பு விழா வந்தது. கற்களெல்லாம் வெள்ளையாகத் தொடங்கின. நான் கெட்டிலுக்குத் தண்ணீர் பிடிக்கத் தொட்டிப் பக்கம் போயிருந்தேன். ருசோக்கே வாளியும் மட்டையுமாக வந்தார். அவள் சுவருக்கு முன்னால் சட்டத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"அகீகி, எழுந்திரு. இந்தத் தடவை கொஞ்சம் நீலம் கலந்திருக்கேன். கண்ணு கூசும் பாரு."

"வேண்டாம், அப்பூலி."

"கூச்சப்படாதே. எனக்கு அரை மணி நேர வேலை."

"இதுக்கு அடிக்கக்கூடாது."

"ஏன்? போன தடவை நல்லா இருக்குன்னு சொன்னியே."

ஏதாவது சொல்லியிருக்கலாம். மண் இன்னும் ஈரம் என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் கோபிப்பார் என்று சொல்லியிருக்கலாம். நான் தண்ணீர்க் குழாயை மூடாமல் நின்றேன். கெட்டில் நிரம்பி வழிந்தது.

"இந்தச் சுவரெல்லாம் மழையில எவ்வளவு கரையுதுன்னு பாக்கறதுக்குக் கட்டினது" என்றாள். "சுண்ணாம்பு அடிச்சா கரையாது. அப்புறம் பாக்க முடியாது."

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"அப்போ போன தடவை?"

"பாக்க முடியல."

"முழு மழையுமா?"

"ஆமா."

அவர் சுவரைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார்.

"அந்த வேலை அதனாலதான் கிடைக்கலையா?"

இல்லை என்று அவள் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். யாராக இருந்தாலும் சொல்வார்கள்.

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், அப்பூலி. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"டாக்டருக்குத் தெரியும். ஆபீஸ் மேடத்துக்குத் தெரியும். ஆய்வேட்டுல எழுதியிருக்கேன். உங்க பேரு இல்ல. சொல்லாதது என் தப்புன்னுதான் எழுதியிருக்கேன்."

"நைரோபிலேருந்து வந்தவரு படிச்சாரா?"

"படிச்சாரு."

"அதுக்கப்புறமும் ஒரு வருஷமா எங்க வீட்ல சாப்பிடற" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரிபார்ப்பவர் மாதிரிச் சொன்னார். "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் தெரியும். என்கிட்ட மட்டும் சொல்லல."

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"படட்டுமே. நான் என்ன கண்ணாடியா?"

அவர் குனிந்து வாளியை எடுத்தார். நீலம் கலந்த சுண்ணாம்பு கொஞ்சம் தளும்பிப் புல்லில் விழுந்தது. அதைக் காலால் மண் தள்ளி மூடினார், சுவர் பக்கம் வழியாமல்.

"சரிங்க, மேடம்" என்றார்.

மறுநாள் காலை நான் ஜன்னலைத் திறந்தபோது அவர் பாதையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். "அத்தேனி! ராத்திரி நல்லாத் தூங்கினியா?" என்று எனக்குக் குரல் கொடுத்தார். பசெமேரா வந்தாள். அவர் துடைப்பத்தை நிறுத்தி ஒதுங்கி வழிவிட்டார்.

"வணக்கம், மேடம். எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன், அப்பூலி."

அவர் தலையாட்டினார். மேற்கொண்டு பெருக்கினார்.

அன்று சாவி கொடுக்கும்போது நான் அவளை அந்தப் பெயரில் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நாக்கு வரை வந்தது. அது நான் கொடுத்த பெயர் இல்லை. "சாவி, மேடம்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். சர்ச்சிலிருந்து திரும்பும்போது பார்த்தேன். மேசை மேல் ரொட்டியும் பாலில்லாத தேநீரும். ரேடியோவில் யாரோ தேயிலை விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் சட்டத்தின் கம்பிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போகலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். எதையோ எண்ணிக்கொண்டிருப்பது போல உதடு அசைந்தது. நான் போய்விட்டேன்.

விழா அன்று வளாகமே கண்ணைப் பறித்தது. நீலம் கலந்த வெள்ளையில் கற்கள், மரங்கள், கொடிக்கம்பம், படிகள். நடுவில் மட்டும் சேற்று நிறத்தில் ஒரு வரிசை, கயிற்றுக்குள். இந்த முறை விருந்தினர் அந்தப் பாதையில்தான் வந்தார். பதிவாளர் அதைப் பார்த்துவிட்டு ருசோக்கேயை ஓரமாக இழுத்தார். நான் பின்னால் தட்டோடு நின்றேன்.

"இதை ஏன்யா விட்டுட்டே? சுண்ணாம்பு தீர்ந்துபோச்சா?"

"இருக்குதுங்க. அதுக்கு அடிக்கக்கூடாது. மழை படணும்."

"யாருது அது?"

ருசோக்கே திரும்பிப் பார்த்தார். தூரத்தில், பந்தலுக்கு வெளியே, அவள் தனியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது.

"மேடமோடது" என்றார்.